மரத் தாரா

பொம்மைத் தாராவைக் கையில் வைத்துக்கொண்டு அழகு பார்ப்பதில் பயனில்லை. அதைத் தண்ணீரில் போட வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் தானாகப் புரண்டு நிமிர வேண்டும். நிமிர்ந்த பிறகு, உயிருள்ள தாரா எவ்வளவு முங்கி மிதக்குமோ அவ்வளவுதான் முங்க வேண்டும். சிற்றலை வந்தால் மொத்த உடலும் கனத்தோடு ஏறி இறங்க வேண்டும்; துள்ளக் கூடாது. வயிற்றுக்கு அடியில் ஈயமோ மணலோ வைத்த ஒரு கட்டையைப் பொருத்துவது இதற்காகத்தான். மிதப்பு சரியில்லாத பொம்மைக்கு எவ்வளவு நுணுக்கமாகச் சாயம் தீட்டியிருந்தாலும் பலன் கிடையாது.

மேலே பறக்கிற கூட்டத்தை நம்ப வைத்துக் கீழே இறக்குவதற்காக வேட்டைக்காரர்கள் மிதக்கவிட்ட இந்தப் பொம்மைகள் வட அமெரிக்காவில் பெரிய கைவினையாக வளர்ந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஈஸ்ட் ஹார்விச் ஊரில் வாழ்ந்த எல்மர் குரோவெல் செதுக்கிய ஓர் ஊசிவால் வாத்து, கழுத்தைப் பின்னால் திருப்பி இறகு கோதும் நிலையில் இருப்பது, 2007இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. படத்தில் பார்த்தாலே அந்தக் கழுத்தின் வளைவு மனத்தில் தங்கிவிடும். ஆனாலும், இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த வேலை அதுவல்ல.

1924இல் நெவாடாவின் லவ்லாக் குகையில், தரையில் தோண்டிய குழி ஒன்றுக்குள் 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. நம்மூர்ப் பாய்க்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நீர்க்கோரையைக் கற்றையாக மடித்து, இறுகக் கட்டி, முனையைச் சீராக நறுக்கி வால் ஆக்கியிருக்கிறார்கள். தலை தனிக் கட்டு. சிலவற்றுக்குச் சாயம் பூசி, உண்மையான இறகுகளையும் செருகியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. ஏரிக்கரையில் முளைத்ததையும் ஏரியில் பறந்ததையும் வைத்தே முடித்துவிட்டார்கள். என்ன வாத்து அது என்று இன்றைக்கும் பறவையியலாளர்கள் பெயர் சொல்லிவிடுகிறார்கள். நெற்றியும் அலகும் ஒரே சரிவாக இறங்குகிற கோடு ஒன்றே போதுமாயிருக்கிறது. எதை விட்டுவிடலாம் என்று தெரிந்த கைகள் கட்டியவை அவை.

அந்தத் தெரிவு எங்கிருந்து வரும்? பறவையைப் பார்த்துத்தான் வரும். அதற்கு இராமநாதபுரத்துக் கண்மாய்களைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டில் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் நீலச்சிறகி, ஊசிவால், தட்டைவாயன் வாத்துகள் வந்து இறங்கும். கரையோரக் கருவேல மரத்தடியில் தொலைநோக்கியோடு அசையாமல் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் மனநிலை தெரிய ஆரம்பிக்கும். நிம்மதியாக இருக்கிற தாரா கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். அலகு மார்பைத் தொடும். சில முதுகு இறகுக்குள் அலகைச் செருகித் தூங்கும். இரை தேடுகிறவை தலையை முக்கிப் பின்பக்கத்தை உயர்த்தும். பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரட்டும், அத்தனை கழுத்துகளும் ஒரே நொடியில் நெட்டுக்குத்தாக நிமிரும். அடுத்த நொடி தண்ணீர் வெறுமையாகிவிடும்.

பொம்மை வாங்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்தக் கழுத்தில்தான். கடையில் கம்பீரமாகத் தெரிவது கழுத்தை நிமிர்த்திய வாத்து. அப்படிப்பட்டவற்றையே ஒரு டஜன் வாங்கி மிதக்கவிட்டால், மேலே வருகிற கூட்டத்துக்கு அது சொல்கிற செய்தி ஒன்றுதான்: இங்கே ஆபத்து, இறங்காதே. பத்தில் ஒன்று நிமிர்ந்திருக்கலாம், காவல் பறவை எப்போதும் உண்டு. மற்றவை மேய வேண்டும், தூங்க வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் நிறம். நீலச்சிறகி ஆணின் அழகே கண்ணுக்கு மேல் ஓடும் வெள்ளைப் புருவம். ஆனால் அது இங்கே வந்து சேரும்போது அந்த உடை இருக்காது. இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்த பின், குளிர்காலத்தில் பெரும்பகுதியும் பெட்டையைப் போலப் பழுப்பாகவே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில்தான் புருவம் பளிச்சென்று தெரியும். ஆகவே, பளபளக்கிற ஆண்களைவிட மங்கலான பெட்டைப் பொம்மைகளே அதிகம் உதவும். சாயம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். வெயிலில் மினுங்கும் பூச்சு தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பறவை பார்ப்பது மேலிருந்து. முதுகும் வாலும் சரியாக அமைந்த, மினுங்காத, ஒரே இனத்தைச் சேர்ந்த ஆறு பழைய பொம்மைகள், பல இனம் கலந்த இரண்டு டஜன் புதியவற்றுக்கு மேல். வாத்துகள் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், நடுவில் அவற்றுக்கு இடம் விட்டு மிதக்கவிட வேண்டும். ஒன்றிரண்டில் நூல் கட்டி அவ்வப்போது சுண்டினால் போதும், தண்ணீரில் வட்டம் விரியும். அசையாத தண்ணீரைப் பறவை நம்பாது.

வேட்டைக்காகச் சேர்ந்த அறிவு இது. நம் நாட்டில் அந்த வேட்டை முடிந்த கதை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது; உரிமம் வாங்கிச் சுடும் வழியையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. அது முடிந்ததில் எனக்கு நிறைவே. ஆனால் வேட்டையோடு சேர்த்து இந்தக் கைவேலையையும் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஓர் உயிரின் கண் வழியாக உலகத்தைப் பார்க்கக் கற்றுத் தருகிற கலைகள் அதிகம் இல்லை.

இதே கலையின் சின்ன வடிவம் இராமநாதபுரக் கடற்கரையில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. கணவாய்க்குப் போடுகிற இறால் வடிவத் தூண்டிலைச் சொல்கிறேன். முகவாய்க்குக் கீழே ஈயம், வால் முனையில் வளையமாக நிற்கும் ஊசிகள். அதன் முன்னோடி ஜப்பானியர்கள் மரத்தில் செதுக்கியது. ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கடையில் தொங்கும். கணவாய்க்கோ நிறம் பிரித்தறியும் திறன் இல்லை; அதன் கண்ணில் இருப்பது ஒரே வகை ஒளியுணர் நிறமிதான். அது பார்ப்பது வெளிச்சத்துக்கு எதிரே தெரியும் உருவத்தையும், இழுத்து விட்டதும் தலை தாழ்ந்து மெல்ல அமிழும் அசைவையும். அந்தச் சாய்வு சரியாக இருக்கிற விலை குறைந்த தூண்டிலே நல்ல தூண்டில்.

பொய்யுருவுக்கும் முந்தி, உயிரையே கட்டிவைத்து இனத்தை வரவழைப்பது நம்மிடம் இருந்திருக்கிறது. பழக்கிய அந்த விலங்கைச் சங்கப் புலவர்கள் ‘பார்வை’ என்றார்கள். புறநானூற்றின் 320ஆம் பாட்டு, வீரை வெளியனார் பாடியது, அப்படி ஒரு வீட்டு முற்றத்தைக் காட்டுகிறது. கொடி படர்ந்த நிழலில் வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். அவன் பழக்கி வைத்திருக்கும் பெண்மானோடு காட்டிலிருந்து வந்த கலைமான் ஒன்று சேர்ந்து விளையாடுகிறது. மனைவி பார்த்துவிடுகிறாள். கணவனை எழுப்பவில்லை. அவன் விழித்துக்கொள்வானோ, மான்கள் பிரிந்துவிடுமோ என்று நடக்கிற ஓசைகூட எழாமல் ஒதுங்கி நிற்கிறாள். தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதல் பறவையும் கொத்தித் தின்கின்றன, அவற்றையும் விரட்டவில்லை. பிடிப்பதற்காகவே வைத்த பார்வை தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது, பிடிக்கத்தான் ஆளில்லை. பொய்யுருக் கலையைப் பற்றி நான் அறிந்தவற்றில் மிக நுட்பமானது இந்தப் பாட்டுத்தான்.

அந்த முற்றத்தில் நடந்ததை இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் திட்டமிட்டே செய்தார். அமெரிக்காவின் மெய்ன் கரைக்கு அப்பால் ஈஸ்டர்ன் எக் ராக் என்றொரு சின்னத் தீவு. அங்கே கூடு கட்டிவந்த பஃபின் பறவைகளை வேட்டையாடியே தீர்த்திருந்தார்கள். 1973இல் ஸ்டீபன் கிரெஸ் நியூபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். வளர்ந்தவை திரும்பி வந்தாலும் ஆளில்லாத பாறையில் இறங்கத் தயங்கும். கூடி வாழும் கடற்பறவை கூட்டம் இருக்கும் இடத்தைத்தான் நம்பும். 1977இல் மரத்தில் செய்த பஃபின்களைப் பாறைகளில் நிறுத்தினார். வந்த பறவைகள் அவற்றின் அருகே உட்கார்ந்தன, அலகால் உரசிப் பார்த்தன. 1981இல் மறுபடியும் அங்கே கூடு கட்டின. வேட்டைக்காரன் கண்டுபிடித்த உத்தி, வேட்டைக்காரன் காலியாக்கிய தீவைத் திரும்ப நிரப்பியது.

சீனத்து ஜெஜியாங் கரையிலும் 2013இல் இதையே செய்தார்கள். அழிந்தே போயிற்று என்று நினைத்து, 2000இல் மறுபடி கண்ட சீனக் கொண்டை ஆலா என்ற கடற்பறவைக்காக, ஒரு தீவில் பொம்மை ஆலாக்களை நிறுத்தி ஒலிப்பதிவையும் ஒலிக்கவிட்டார்கள். முதலில் பெரிய கொண்டை ஆலாக்கள் திரண்டு வந்தன. அரிய பறவை அவற்றின் நடுவே இறங்கி முட்டையிட்டது.

அந்தப் பெரிய கொண்டை ஆலா நமக்கு அந்நியமில்லை. தனுஷ்கோடியில் நின்றால் மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையுமாக அலைக்கு மேலே பறந்துபோகும். அரிச்சல்முனைக்கு அப்பால் இலங்கை வரை நீளும் மணல்திட்டுகளில் ஆலாக்கள் இன்றும் தாமாகவே முட்டையிடுகின்றன. அங்கே பொம்மைக்கு வேலையில்லை, மனிதக் கால் படாமல் இருந்தாலே போதும். ஆனால் மணல் திட்டு இடம் மாறும், புயல் மூழ்கடிக்கும். ஏதோ ஓர் ஆண்டு ஒரு திட்டு காலியாகி, பறவைகளைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலை வந்தால், வனத்துறை அந்தப் பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம். வள்ளம் கட்டுகிற தச்சர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். நீரைக் கிழிக்கும் கோட்டைக் கண்ணாலேயே அளக்கிறவர்கள் அவர்கள். ஒரு வாரம் அவர்களைத் தனுஷ்கோடி மணலில் ஆலாக்களைப் பார்க்கவிட்டு, கட்டையைக் கையில் கொடுத்தால் போதும். வெள்ளையும் சாம்பலும் கறுப்பும், மினுங்காத பூச்சில்.