குதிரைப் பயிற்சியை ரசிப்பது எப்படி?

குதிரையேற்றப் பயிற்சி பார்க்க வாருங்கள் என்று படித்த நண்பர்களை அழைத்தால், "குதிரை சுற்றிச் சுற்றி வருவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுத் தட்டிக் கழித்துவிட்டு, அதே குதிரைகள் அலங்காரத்தோடு அரங்கேறும் நாளில் மட்டும் சீட்டு வாங்க முந்திக்கொண்டு போகிறார்கள், இந்த மனோபாவம் எனக்கு நெடுநாளாகவே எரிச்சலூட்டி வருகிறது. 2023-ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் என்னும் சீர்நடைப் போட்டியில் குழுத் தங்கம் வென்று, 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்தபோது, எல்லோரும் மகிழ்ந்தோம், கைதட்டினோம். ஆனால் அந்தச் சில நிமிஷ நேர்த்திக்குப் பின்னால் கிடக்கும் எண்ணற்ற காலைப் பொழுதுகள் எப்படித் திட்டமிடப்பட்டன என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. துக்கடாவுக்காகவே கச்சேரிக்கு வருகிறவருக்கு ராக ஆலாபனை வீண் பொழுதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவருக்காக ஆலாபனையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களைத்தான் நான் மன்னிக்கத் தயாராயில்லை.

இந்த ரசனையைப் பழகிக்கொள்ள எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த இடம், வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையிலுள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி. ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், 1729-இல் தொடங்கி 1735-இல் கட்டி முடித்த வெண்ணிற மண்டபம் அது. அங்கே லிபிட்சானர் ஜாதிக் குதிரைகள் காலை வேளையில் பயிற்சி பெறுவதைப் பொதுமக்கள் மாடத்தில் அமர்ந்து பார்க்கலாம். மண்டபத்துக்குள் நுழையும் சவாரிக்காரர்கள் அச்சக்கரவர்த்தியின் உருவப்படத்துக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கருநிறத்தில் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கும் அந்தக் குதிரைகளில், இன்னும் சாம்பல் பூத்த இளங்குதிரை ஒன்றும், பால்போல் வெளுத்துவிட்ட பழுத்த குதிரை ஒன்றும் ஒரே வேளையில் வெவ்வேறு பாடம் படிப்பதைக் காண்பது காலைப் பயிற்சியில் மட்டுமே கிடைக்கும் பாக்கியம். ஒரு குதிரை முழுத் தேர்ச்சி பெற ஏறத்தாழ ஆறு வருஷம் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த ஆறு வருஷமும் உங்கள் கண்ணெதிரே ஒரே மண்டபத்தில் பரந்து கிடப்பது விளங்கும்.

அடிப்படைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை கடினமானவை அல்ல. பயிற்சிக் களத்தில் குதிரைக்கு நடை மூன்று: நான்கு குளம்பும் ஒவ்வொன்றாக விழும் வாக், மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் டிராட், மூன்று அடியும் அதன்பின் ஒரு கண மிதப்புமாக வரும் கான்டர். கண்ணை மூடிக்கொண்டாலும் நான்கு, இரண்டு, மூன்று என்று காதே எண்ணிவிடும். முக்கால் மணி நேரப் பயிற்சி என்றால், முதல் பத்து நிமிஷம் கடிவாள வாரைத் தளரவிட்டு வாக். அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பெரிய வட்டங்களில் டிராட்டும் கான்டருமாக உடம்பை இளக்குதல். பிறகு கால் மணி அன்றைய பாடம். கடைசியில் மூச்சு அடங்கும்வரை மறுபடியும் வாக். குதிரை எதுவும் பிறவியிலேயே சற்றுக் கோணல். ஒரு பக்கம் எளிதில் வளையும், மறுபக்கம் விறைக்கும். ஆகவே திசையை அடிக்கடி மாற்ற வேண்டும். இவ்வளவு தெரிந்தால் மாடத்தில் உட்காரும் யோக்கியதை வந்துவிட்டது.

பயனுள்ள பயிற்சி ஒரே ஒரு சங்கற்பத்தைச் சுற்றி அமைகிறது. ஃபிரெஞ்சு ஆசானாகிய லா கெரினியேர் 1733-இல் வெளியான தம் நூலில் விளக்கிச் சென்ற பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னங்கால்கள் சுவரோரமாகவே போய்க்கொண்டிருக்க, முன்தோளை மட்டும் சற்று உள்ளே கொணர்ந்து, உடம்பு மெல்ல வளைந்தபடி குதிரை முன்னேற வேண்டும். அன்றைய நோக்கம் இதுவென்றால், தேர்ந்த சவாரிக்காரர் இதை எடுத்த எடுப்பிலேயே கேட்கமாட்டார். மூலையில் பத்து மீட்டர் அகலத்தில் ஒரு சிறு வட்டம் போடுவார்; அந்த வட்டத்தின் வளைவு குதிரையின் விலாவில் தங்கியிருக்கும்போதே சுவரோரம் நகர்வார். நாலு அடி நன்றாக வந்தால் உடனே நேராக்கி, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, வாக்குக்கு இறங்கிவிடுவார். வராவிட்டால் வற்புறுத்தாமல் முன்னோக்கி டிராட்டில் விட்டு, மறுபடியும் வட்டத்துக்கே திரும்புவார். இந்தச் சங்கற்பம் என்னவாயிருக்கும் என்று மாடத்திலிருந்து ஊகித்துக்கொண்டே பார்ப்பதுதான் ரசிகனுக்கு முதல் இன்பம். வியன்னாப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய அலாய்ஸ் பொதாய்ஸ்கி, பந்தயத்துக்கு உதவாதென்று கழிக்கப்பட்ட நீரோ என்னும் குதிரையை இத்தகைய ஒழுங்கான அப்பியாசத்தால் பண்படுத்தி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார் என்பது பந்தய அபிமானிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய சரித்திரம்.

இனி என் மனத்துக்கு மிகவும் உகந்த சூட்சுமத்துக்கு வருகிறேன். இதை மட்டும் அறிந்துகொண்டு மற்றதையெல்லாம் மறந்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. சவாரிக்காரர் வாரை விட்டுக்கொடுக்கும் தருணம் பயிற்சியில் பலமுறை வரும். அது ஒரே செயலாகத் தோன்றினாலும் உண்மையில் இரண்டு. ஒன்றில் குதிரை எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. மற்றொன்றில் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவதை ஜெர்மானியர் யூபர்ஷ்ட்ரைகன் என்பார்கள். கான்டரில் வட்டமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சவாரிக்காரர் இரண்டு முஷ்டிகளையும் பிடரியின் மேற்புறமாக இரண்டு கையகலம் முன்னே நகர்த்துகிறார். வார் தொய்ந்து ஒரு சிறு வளைவாகத் தொங்குகிறது. இரண்டு மூன்று அடிகளுக்குப் பின் கை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இந்த நேரத்தில் ஒன்றுமே நிகழாதிருப்பதுதான் வெற்றி. கழுத்தின் உயரம் அதே, வட்டத்தின் வளைவு அதே, குளம்போசையின் காலப்பிரமாணமும் அதே. மூக்கு ஒரு விரற்கடை முன்னே போனால் பாதகமில்லை. குதிரை தன் பாரத்தைத் தன் பின்னங்கால்களில் தானே சுமக்கிறது, வாரின்மேல் சாய்ந்து பிழைக்கவில்லை என்பதற்கு இது பிரத்தியட்சப் பிரமாணம். வார் தொய்ந்ததும் ஓட்டம் விரைந்தாலோ, தலை விண்ணென்று எழும்பினாலோ, முன்னங்கால்களில் பாரம் சரிந்தாலோ, அதுவரை நாம் கண்ட அழகெல்லாம் சவாரிக்காரரின் புஜபலத்தால் தாங்கி நின்றதென்று பொருள்.

இரண்டாவது முற்றிலும் வேறு. கை முன்னே போவதில்லை. விரல்கள் மட்டும் மெல்ல நெகிழ்கின்றன. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே தோல் வார் அங்குலம் அங்குலமாக நழுவ, குதிரை அதை மென்று வாங்கிக்கொள்வதுபோல் கழுத்தை முன்னேயும் கீழேயும் நீட்டி, வாயைத் தோள்மூட்டின் உயரம்வரை இறக்கிக்கொண்டு போகிறது. இங்கே வார் தொய்யவே கூடாது. சவாரிக்காரரின் கையைத் தேடிக்கொண்டே குதிரையின் வாய் கீழே போவதால், அந்த மெல்லிய தொடர்பு கடைசிவரை அறுவதில்லை. சேணத்தின் கீழே முதுகு எழும்பி அசைவதும், வால் இருபுறமும் ஊசலாடுவதும், நாசி விரிந்து புர்ரென்று ஒரு நீண்ட மூச்சு வெளியேறுவதும் இத்தருணத்தில்தான். நடையின் காலப்பிரமாணம் மட்டும் இம்மியும் பிசகாது. முதுகின் இறுக்கம் விலகியது, கைமேல் நம்பிக்கை வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறில்லை.

இந்த இரண்டாவதற்குப் போலிகள் மூன்று. வாரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தலையைத் தாழ்த்துவது முதற்போலி. அது களைப்பு, அல்லது வாயில் வலி. வார் நெகிழ்ந்தும் கழுத்து அப்படியே மேலே நின்றுவிடுவது இரண்டாவது. தனக்கு வழி திறந்திருப்பதே அந்தக் குதிரைக்குத் தெரியவில்லை. முன்னே நீளாமல் மோவாயை மார்பை நோக்கிச் சுருட்டிக்கொண்டு கீழே போவது மூன்றாவது. இதுதான் கண்ணை ஏமாற்றும் போலி, ஏனெனில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பணிவு போலவே தெரியும்.

இரண்டையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பயந்து உறைந்துபோன குதிரையும் முதற் பரீட்சையில் தேறிவிடக்கூடும். அசையாதே என்று பழக்கினால் அசையாது. சோம்பிச் சாய்ந்து போகும் குதிரையும் இரண்டாவதில் தேறிவிடக்கூடும். தலையைத் தொங்கவிடுவது அதற்குச் சுகம். முதலாவது சமநிலையைச் சோதிக்கிறது, இரண்டாவது இளக்கத்தைச் சோதிக்கிறது; இரண்டிலும் தேறிய குதிரையிடம்தான் அன்றைய வேலை உடம்பில் ஊறியிருக்கிறது. நல்ல சவாரிக்காரர் பாடத்தின் நடுவே முதலாவதையும், ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம் தொடங்கும் இடைவெளியில் இரண்டாவதையும் வைப்பார். குதிரை சொல்லும் விடையைக் கொண்டே அடுத்த பத்து நிமிஷத்தைத் தீர்மானிப்பார். காகிதத்தில் எழுதிவந்த திட்டம் குதிரையின் சம்மதத்தைப் பெறுவது அந்த இடத்தில்தான். இத்தனை எளிய பேதத்தைக்கூட விளக்காமல், "வாரைத் தளர்த்துகிறார்" என்று இரண்டுக்கும் ஒரே வர்ணனை கொடுத்துவிட்டுப் போகும் தொலைக்காட்சி விமரிசகர்கள் தங்கள் தொழிலுக்கே துரோகம் செய்கிறார்கள்.

விமரிசகர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். முன்னங்காலை வானத்தை நோக்கி உதறி எறியும் டிராட்டைப் படம்பிடித்து, பிரமாதம் பிரமாதம் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்புவது இன்றைய நாகரிகமாகிவிட்டது. அது மேம்போக்கான ரசனை. நீட்டி வைக்கும் டிராட்டில் முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியும், மூலைக்கு மூலை அதனோடு சேர்ந்து எழும் பின்னங்காலின் கீழ்ப்பகுதியும் ஒரே சாய்வில் இணையாக இருக்க வேண்டும். முன்னது மட்டும் பறந்து பின்னது தரையைத் தேய்த்தால், அது இறுகிய முதுகின் வேஷம். அதைவிடக் கொடியது, கழுத்தைப் பலாத்காரமாக மார்புவரை சுருட்டி இழுத்துப் பழக்கும் முறை. மூர்க்க பலத்தால் அப்படிச் செய்வது ஏற்கத்தக்கதல்ல என்று சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனமே 2010-இல் அறிவித்த பிறகும், அந்தச் சுருட்டலை அழகென்று புகழ்பவர்கள் இருக்கிறார்கள். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடுவது அவர்கள் கடமை. நாமும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் குதிரையைப் பார்ப்பது யார்?

இனி, இவ்வளவு தூரம் என்னுடன் வந்துவிட்ட உங்களிடம் அந்தரங்கமாகச் சில வார்த்தை. வியன்னாவுக்குப் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பெங்களூரிலோ சென்னையிலோ உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சவாரிப் பள்ளி இருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு, களத்தின் நீண்ட பக்கத்தில் மூலையருகே சத்தமின்றி உட்காருங்கள். மூலைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் குதிரை மறைக்க நினைப்பதெல்லாம் வெளிப்பட்டுவிடும். முதலில் தலையையும் கழுத்தையும் பார்க்கவே கண் ஓடும், ஓடவிடாதீர்கள். பின்னங்குளம்பிலிருந்து தொடங்கி, முதுகின் வழியாக, கழுத்தைக் கடந்து, கடைசியாகச் சவாரிக்காரரின் விரல்களுக்கு வாருங்கள். யாராவது பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே இறங்கிவிட்டால், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்; கேட்டது கிடைத்தவுடன் நிறுத்தத் தெரிந்த ஒருவரைப் பார்த்த புண்ணியம் உங்களுக்குச் சேர்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் வியர்வை ஒழுக ஓட்டிவிட்டுப் பெருமையோடு இறங்குகிறவரை வியக்காதீர்கள். குதிரை களைத்த பிறகு கற்றது எதுவும் நிற்பதில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடுத்த நாளும் போய் அதே குதிரையைப் பாருங்கள். நேற்றுப் பத்து நிமிஷம் தேடிக் கிடைத்த வளைவு இன்று மூன்று நிமிஷத்தில் வந்து, வாரை நெகிழ்த்தியதும் கழுத்து தயக்கமின்றி நீண்டு போனால், நேற்றைய பயிற்சி பயன் தந்தது. அப்படி வராவிட்டால், நேற்று எவ்வளவு கவர்ச்சியாக இருந்திருந்தாலும் அது வீண். பயிற்சியின் பலன் மறுநாள் காலையில்தான் தெரியும் என்பதால், மறுநாளும் வருகிறவனைத்தான் நான் ரசிகன் என்று ஒப்புக்கொள்வேன்.