பெல்ஃபாஸ்ட் பேரவையின் ஓட்டுக் கணக்கு

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 உயிர்களைக் குடித்த மோதலைப் பெருமளவு அடக்கியது, 1998 ஏப்ரல் 10 அன்று உருவான புனித வெள்ளி ஒப்பந்தம். லண்டனும் டப்ளினும் இறங்கி வந்தன. முன்னாள் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மிட்செல் சலிக்காமல் பேச்சை நடத்தினார். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. குறை, அந்த அமைதியை ஆட்சிமுறையாக எழுதிவைத்த விதத்தில்.

பெல்ஃபாஸ்டில் கூடும் வட அயர்லாந்துப் பேரவையின் உறுப்பினர்கள் மூன்று பட்டியல்களில் ஒன்றில் பதிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள்; ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் தேசியவாதிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்; மிச்சமுள்ளோர் 'மற்றவர்'. முக்கியத் தீர்மானங்களுக்கு முதல் இரு தரப்பின் ஆதரவும் தேவை. 2001 நவம்பரில் முதலமைச்சர் பதவிக்கு நின்ற யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளுக்குப் பேரவையில் பெரும்பான்மை இருந்தும், யூனியனிஸ்ட் ஓட்டுகளில் பாதிகூடக் கிடைக்கவில்லை. உடனே, எந்தப் பக்கமும் சாராத அலையன்ஸ் கட்சியினர் சிலர் 'யூனியனிஸ்ட்' என்று பதிவை மாற்றிக்கொண்டு அவரைக் கரையேற்றினார்கள். நடுநிலையாளரின் ஓட்டுக்கு மதிப்பு வர அவர் வேடம் கட்ட வேண்டியிருந்தது!

30 பேர் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்தையும் இரு தரப்பு ஒப்புதலுக்குத் தள்ளலாம் என்ற விதியும் தடம் மாறியது. 2015 நவம்பரில் தன்பாலினத் திருமணத்துக்கு 53–52 என்று பேரவை ஆதரவளித்தது. யூனியனிஸ்ட் கட்சியான டி.யூ.பி. அந்த விதியைக் கொண்டு தடுத்துவிட்டது. எந்தச் சமூகத்தின் பாதுகாப்பு அங்கே ஆபத்தில் இருந்தது?

தடுப்புரிமையே கூடாது என்பதல்ல என் வாதம். 1921 முதல் 1972 வரை யூனியனிஸ்டுகளே ஆண்ட ஊரில், அது இல்லாமல் கத்தோலிக்கர்கள் எதை நம்பி உள்ளே வருவார்கள்? ஆனால் அதற்குப் பட்டியல் தேவையில்லை. 2022 தேர்தலில் 90 இடங்களில் யூனியனிஸ்டுகள் 37, தேசியவாதிகள் 35, மற்றவர் 18. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 60 ஓட்டு வேண்டும் என்று மட்டும் வைத்தால், மற்றவரைச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு தரப்பு இன்னொன்றை மீற முடியாது. தடுப்பதற்கும் 31 பேர் வேண்டும். 25 இடம் பெற்ற டி.யூ.பி.யால் தனியாக முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, இரு தரப்பிலிருந்தும் வரும் முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது. ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். 2017-இல் தேசியவாதக் கட்சியான சின் ஃபெய்ன் விலகியது, மூன்றாண்டு ஆட்சி இல்லை, 2022-இல் டி.யூ.பி. விலகியது, இரண்டாண்டு இல்லை. விலகும் கட்சியின் நாற்காலி அடுத்த கட்சிக்குப் போகும் என்று விதி வைத்திருந்தால், இரண்டு கட்சிகளும் வெளியேறுமுன் கொஞ்சம் யோசித்திருக்கும்.