சாரங்கதேவரும் குழாய் ஆர்கனும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1951இல் எழுதிய ‘லீவ்ர் தோர்க்’, தனி ஆர்கனுக்கான ஏழு பகுதித் தொகுப்பு. முதல் பகுதியில் ஓடும் தாளங்கள் பிரதாபசேகரம், கஜஜம்பம், சாரசம். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் தொகுத்த 120 தேசி தாளங்களைச் சேர்ந்தவை. அந்தப் பட்டியலை லாவிஞாக்கின் இசைக் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்த மெசியான், கடைசிவரை அதை விடவில்லை.

பாரிசின் திரித்துவ தேவாலயத்தில் 1931 முதல் 1992இல் இறக்கும்வரை ஆர்கன் வாசித்தவர் அவர். பியானோவில் தட்டிய கணமே நாதம் மங்கத் தொடங்கும். ஆர்கனிலோ விரல் கட்டையில் இருக்கும்வரை குழாயின் ஒலி தேயாது. கால அளவுகளைக் கொண்டே இசை கட்ட நினைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடையாது. முதல் பகுதியில் ஒரு தாளம் வரவர நீள்கிறது, இன்னொன்று குறுகுகிறது, மூன்றாவது மாறாமல் நிற்கிறது. நம் ஏட்டில் உறங்கிய அங்கக் கணக்குக்கு இப்படியொரு வாழ்வு தந்ததற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் குறையும் அதே வாத்தியத்தில்தான் இருக்கிறது. ஆர்கன் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலியின் அளவு ஒன்றே. அதில் தட்டும் வீச்சும் இல்லை. மெசியானும் தாளத்தின் நீளங்களை எடுத்துக்கொண்டு, அது சுற்றித் திரும்பும் ஆவர்த்தனத்தை விட்டுவிட்டார். சுற்றின் தொடக்கமான சமம் எங்கே என்று கேட்பவருக்குத் தெரியாது.

ஆவர்த்தனத்தின் பலத்தை விளக்கக் கேரளத்தின் திருப்பூணித்துறை போதும். பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிக உற்சவத்தில் பஞ்சாரி மேளத்தின் தாளச் சுற்று 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று குறுகும். கணக்கே அறியாதவர் கையும் காலத்தோடு மேலே எழும். சிம்மநந்தன தாளத்துக்கு 128 அட்சரம். ஆனாலும் அது சுற்றி வரும் என்ற நம்பிக்கையில் ரசிகர் கையில் தாளம் போடுகிறார். ‘லீவ்ர் தோர்க்’கின் இறுதிப் பகுதியோ 64 வெவ்வேறு கால அளவுகளை அடுக்குகிறது. அவற்றில் 63ஐயும் 64ஐயும் எந்தச் செவி பிரித்தறியும்? அங்கே கணக்கு தாளோடு நின்றுவிடுகிறது.

1935இல் மெசியான் ஆர்கனுக்கு எழுதிய, ஒன்பது பகுதிகள் கொண்ட ‘கர்த்தரின் பிறப்பு’ எனக்கு இன்னும் உயர்ந்தது. அங்கே கால அளவு மெட்டுக்கு ஊழியம் செய்கிறது. கடைசிப் பகுதியின் ஆரவாரத்தில் கணக்கைத் தேடவே தோன்றாது.

சென்னை எழும்பூர் புனித ஆந்திரேயா தேவாலயத்தில் குழாய் ஆர்கன் இருக்கிறது. கொன்னக்கோல் கற்ற ஒரு தமிழர் அதற்கென்று ஒரு தொகுப்பு எழுதலாம். ஆர்கன் கலைஞருக்குக் காலடியிலும் ஒரு கட்டை வரிசை உண்டு. ஒவ்வொரு ஆவர்த்தனமும் சமத்துக்குத் திரும்பும்போது அதில் ஒரு கனத்த கீழ் ஸ்வரத்தை வைத்தால், மெசியான் விட்டுச்சென்ற பாதியை அந்த வாத்தியத்திலேயே மீட்டுவிடலாம்.