மேக்ரோசிஸ்டிஸ் வகைப்பாடு: உருவியலும் மரபியலும்

மேக்ரோசிஸ்டிஸ் என்பது 30 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய பழுப்புப் பாசிப் பேரினம் ஆகும். மாபெரும் கெல்ப் எனப்படும் இது அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரை, தென்னாப்பிரிக்கா, தாஸ்மானியா, நியூசிலாந்து ஆகிய குளிர்கடற் பகுதிகளில் நீருக்கடியில் காடுகளாக வளர்கிறது. இப்பேரினத்தில் சிற்றினம் ஒன்றா, நான்கா என்ற நெடுநாள் வழக்கை மரபியல் தீர்த்துவிட்டதாகக் கருதப்படுவதுண்டு. அது பாதி உண்மையே.

நான்கு சிற்றினங்கள் என்ற பகுப்பு முதன்மையாக இரண்டு உறுப்புகளை நம்பியிருந்தது. பாறையைப் பற்றும் பற்றுறுப்பு கூம்பாக இருந்தால் பைரிஃபெரா, தரையோடு படர்ந்திருந்தால் இன்டெக்ரிஃபோலியா, இரண்டுக்கும் இடைப்பட்டதாயின் அங்குஸ்டிஃபோலியா எனப்பட்டது. இலைபோன்ற பகுதி சுருக்கமின்றி வழவழப்பாக இருந்த வடிவத்துக்கு 1986இல் லேவிஸ் என்ற பெயர் வந்தது. குறை கண்ணால் பார்த்து வகைப்படுத்தியதில் இல்லை; பார்க்கத் தேர்ந்த உறுப்புகளில் இருந்தது. ஆழம், அலைவேகம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும் உறுப்புகள் சிற்றினத்துக்கு அடையாளமாகா. இதை டி.என்.ஏ. வருவதற்கு வெகுகாலம் முன்பே, தென்கடல்களில் இப்பாசியை நேரில் கண்ட ஹூக்கர் உணர்ந்திருந்தார். அதுவரை வழங்கிய சிற்றினங்களை அவர் 1847இல் பைரிஃபெரா என்ற ஒன்றில் அடக்கினார். 20ஆம் நூற்றாண்டில் பற்றுறுப்பைக் காட்டி அவை மீண்டும் பிரிக்கப்பட்டன.

2001இல் வெளிவந்த ஐ.டி.எஸ். வரிசை ஆய்வில், மாதிரிகள் பெயர்ப்படி அணிசேராமல் வட, தென் அரைக்கோளங்களின்படியே பிரிந்தன. வெவ்வேறு பெயர் கொண்ட வடிவங்கள் தம்முள் கலந்து வளமான சந்ததி தருவதும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இச்சான்றுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை, பேரினத்தில் ஒரே சிற்றினம் என முடிவு கூறியது. நான்கு பெயர்களைக் கைவிட்டது சரியே.

ஆனால் 'ஒன்றே' என்ற முடிவு சான்றுகள் தாங்கும் அளவைத் தாண்டியது. ஓரிரு குறுகிய வரிசைகளில் வேறுபாடு குறைவாக இருந்தால், அண்மையில் பிரிந்த கிளைகளை அவ்வரிசைகளால் காட்ட இயலவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். வளமான சந்ததியும் முழுச்சான்று அன்று. கெல்ப் வகைகளில் வெவ்வேறு சிற்றினங்கள்கூடக் கலப்பதுண்டு. எதிர்பார்க்கத்தக்க வகையில், முழு மரபணுத்தொகைத் தரவுகள் வந்தபின் பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா பகுதிப் பாசி தனித்து நிற்பதாகக் கூறப்பட்டு, போஸ்டெல்சும் ருப்ரெக்டும் 1840இல் இட்ட டெனுயிஃபோலியா என்ற பெயர் அதற்கு மீட்கப்பட்டுள்ளது. (இறுதியில் அப்பெயரையும் தந்தது உருவியலாளர்களே.)

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மாபெரும் கெல்ப் காடுகள் 2012இல் அழியும் நிலையில் உள்ள சூழலியல் சமூகமாக அறிவிக்கப்பட்டன. சிற்றினம் ஒன்றே எனில் உலகளவில் அதற்குக் குறைவில்லை என்று தோன்றும். ஒரு கரையில் அழிந்ததை வேறொரு கரையின் விதைப்பொருளால் நிரப்பலாம் என்ற எண்ணமும் எழும். வெதுவெதுப்பான நீரைத் தாங்கும் உள்ளூர் மரபுவழிகள் இருப்பின், அவை அந்த ஒற்றைப் பெயருக்குள் கவனிக்கப்படாமலே மறையக்கூடும்.