மிதக் ஒழுங்கையிலிருந்து மெக்சிக்கோவுக்கு: விசென்டே லென்யேரோவின் எழுத்துலகம்

நஜீப் மஹ்பூஸின் 'ஸுகாக் அல்மிதக்' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் முதன்முதலாக வாசித்தது ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில்தான். விடுதியில் ஒரேயொரு பிரதி நாலைந்து பேரிடம் கைமாறிக்கொண்டிருந்தது. கிர்ஷாவின் கோப்பிக் கடையும், முடிதிருத்தும் அப்பாஸும், அந்த ஒழுங்கையை விட்டு எப்படியாவது வெளியேறிவிடத் துடிக்கும் ஹமீதாவும் எங்களது இரவுப் பேச்சுக்குள் வந்து குடியேறிவிட்டார்கள்.

பல வருடங்களின் பின் அதே கதையை ஒரு மெக்சிக்கோத் திரைப்படமாக, இறுவட்டில், ஆங்கில உபதலைப்புகளுடன் பார்க்கக் கிடைத்தது. 1947 இல் வெளிவந்த நாவலின் கெய்ரோ ஒழுங்கை, மெக்சிக்கோ நகரத்தின் பழைய பகுதிக்கு இடம் மாறியிருந்தது. கோப்பிக் கடை மதுச்சாலையாகி, கடைக்காரர் ருத்திலியோ ஆகியிருந்தார். அப்பாஸ் ஆபெலாகவும் ஹமீதா அல்மாவாகவும் வந்தார்கள். ஹோர்ஹே ஃபொன்ஸ் நெறிப்படுத்தி 1995 இல் வெளியான 'அற்புதங்களின் ஒழுங்கை' என்ற அப்படத்தைப் பற்றிப் பேசுவோர், அல்மாவாக நடித்து பின்னர் ஹொலிவூட்டில் புகழடைந்த சல்மா ஹயெக்கைப் பற்றியே பேசுகின்றனர். திரைக்கதையை எழுதிய விசென்டே லென்யேரோவின் பெயர் அந்தப் பேச்சில் அடிபடுவதில்லை. எமது கவனத்துக்குரியவர் அவரே என்பது எனது எண்ணம்.

1933 இல் குவாதலஹாராவில் பிறந்து 2014 இல் மெக்சிக்கோ நகரில் காலமான லென்யேரோ, சிவில் பொறியியல் கற்றவர். கூடவே பத்திரிகைத்துறையும் பயின்றார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தொடர் நாடகங்கள் எழுதினார். அவையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கானவை. அவரது பெயரை நிலைநிறுத்தியது 1963 இல் ஸ்பெயினின் 'பிப்லியோத்தேகா பிரெவே' பரிசை வென்ற 'கட்டடத் தொழிலாளர்கள்' என்ற நாவலாகும்.

கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் இரவுக் காவலாளியான முதியவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். துப்பறிபவர் ஒவ்வொரு தொழிலாளியையும் விசாரிக்கிறார். கொல்வதற்கான காரணம் எல்லோரிடமும் இருக்கிறது. சாட்சிகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. கொலையாளி யாரென்பது கடைசிவரை தீர்மானமாவதில்லை. துப்பறியும் கதையின் கட்டுக்கோப்பை எடுத்துக்கொண்டு, அதன் முடிவை மாத்திரம் வாசகனுக்குத் தர மறுத்துவிடுகிறார். இதே நாவலை ஃபொன்ஸ் 1976 இல் படமாக்கியபோது திரைக்கதையில் லென்யேரோவும் பங்குகொண்டார். அடுத்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் அப்படம் வெள்ளிக் கரடி விருது பெற்றது.

ஒரே சம்பவத்தைப் பல சாட்சிகளின் முன்னால் வைத்துவிட்டுத் தீர்ப்பை ஒத்திப்போடும் இந்தப் பழக்கம் அவரது வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது. நல்ல செய்தியாளனின் பழக்கம் இது. மஹ்பூஸின் நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தபோதும் அதையே செய்தார். நாவலில் கதை சொல்பவர் ஒழுங்கையின் மேலே நின்று எல்லா வீடுகளுக்குள்ளும் ஒரே வேளையில் எட்டிப் பார்க்கிறார். லென்யேரோ அப்படிச் செய்யவில்லை. படத்தை ருத்திலியோ, அல்மா, சுசானித்தா என மூன்று பேரின் பகுதிகளாகப் பிரித்து, ஈற்றில் 'திரும்பி வருதல்' என்றொரு பகுதியை வைத்தார். முதல் மூன்று பகுதிகளும் மதுச்சாலையில் நடக்கும் அதே டொமினோ ஆட்டத்தில்தான் ஆரம்பிக்கின்றன. முதற்பகுதியில் பின்னணியில் யாரோ கடந்து போனதாகக் கண்ட பெண்ணின் மனத்தில் அப்போது என்ன இருந்தது என்பது அடுத்த பகுதியில்தான் தெரியவருகிறது. பெர்லினில் நடுவர்கள் இப்படத்தின் கதைசொல்லலுக்கெனச் சிறப்புக் குறிப்பு வழங்கியது பொருத்தமானதே.

இன்னொரு மாற்றம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நாவலில் அப்பாஸ் பணம் சேர்ப்பதற்காகப் பிரித்தானிய இராணுவ முகாமுக்கு வேலைக்குப் போகிறான். படத்தில் ஆபெல், ருத்திலியோவின் மகனோடு எல்லை தாண்டி ஐக்கிய அமெரிக்காவுக்குப் போகிறான். மஹ்பூஸின் ஒழுங்கைக்கு உலக யுத்தம் வெளியிலிருந்து வந்தது, முடிந்ததும் போய்விடும். மெக்சிக்கோவின் எல்லையோ எங்கும் போகாது. பெயர்களை மாற்றி உடைகளை மாற்றுவது மாத்திரம் தழுவலாகிவிடாது என்பதை இந்த ஒரு மாற்றமே காட்டிவிடுகிறது.

ஆயினும் படத்தில் இழப்புகளும் உண்டு. ஹமீதாவின் கடுமையும் தன்னை விலைபேசிக்கொள்ளும் துணிச்சலும் அல்மாவிடம் தணிந்துவிட்டன. நாவலில் அப்பாஸ் ஆத்திரத்தில் ஹமீதாவின் முகத்தைக் காயப்படுத்திவிட்டுப் படைவீரர்களால் அடித்துக் கொல்லப்படுகிறான். ஒழுங்கை அழுதுவிட்டுச் சில நாட்களில் மறந்தும் போகிறது. படத்தில் ஆபெல் அல்மாவின் கைகளிலே உயிர்விடுகிறான். தீர்ப்புச் சொல்ல மறுத்தே பழகிய எழுத்தாளர் இங்கே கண்ணீருக்கு இடம்கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய இழப்பு ரித்வான் ஹுஸைனி. பிள்ளைகளைப் பறிகொடுத்தும் இறை நம்பிக்கை தளராதவர், ஒழுங்கையில் நடந்தவற்றுக்குத் தனக்கும் பொறுப்புண்டு என்று வருந்தி ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர். நாவலின் ஒழுக்க பாரத்தைச் சுமப்பவர் அவரே. அந்தப் பாரத்தைச் சுமக்க மெக்சிக்கோ ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

இதில் வியப்பு என்னவெனில், லென்யேரோ நம்பிக்கையற்றவரல்லர். கத்தோலிக்கர் என்று தன்னை மறைக்காமல் சொல்லிக்கொண்டவர். 1979 இல் எழுதிய 'லூக்காஸ் கவிலானின் நற்செய்தி' நாவலில் லூக்கா நற்செய்தியை ஏறக்குறைய அத்தியாயம் அத்தியாயமாக நவீன மெக்சிக்கோவின் ஏழைகளிடையே கொண்டுவந்து, இயேசுவைக் கொத்தனாரின் மகனாக்கினார். நபி ஈஸா (அலை) அவர்கள் பற்றிய எமது நம்பிக்கை வேறு. அது ஒருபுறமிருக்க, தனது மார்க்கத்தின் மூல நூலை ஏழைகளின் பக்கம் நின்று வாசித்த ஒரு விசுவாசியின் முயற்சி அது என்பதை மறுக்க முடியாது.

பத்திரிகையாளராக அவர் கண்ட பெரிய சம்பவம் 1976 ஜூலை 8 இல் நடந்தது. 'எக்செல்சியோர்' நாளிதழ் ஊழியர்களின் கூட்டுறவாக இயங்கியது. ஜனாதிபதி லூயிஸ் எச்செவெரியாவின் அரசாங்கத்தை அது விமர்சித்தது. உள்ளேயே பிளவு தூண்டப்பட்டு, பிரதம ஆசிரியர் ஹூலியோ ஷெரெர் வெளியேற்றப்பட்டார். அந்நிறுவனத்தின் வார சஞ்சிகைக்குப் பொறுப்பாயிருந்த லென்யேரோவும் அவருடன் வெளியேறினார். அதே வருடம் நவம்பர் 6 இல், எச்செவெரியா பதவியில் இருக்கும்போதே, 'புரொசேசோ' வாரச் சஞ்சிகை வெளிவந்தது. அதில் சுமார் இருபது வருடங்கள் ஷெரெருக்கு அடுத்த பொறுப்பில் லென்யேரோ இருந்தார்.

இந்த அனுபவத்தை 1978 இல் 'பத்திரிகையாளர்கள்' என்ற நாவலாக்கினார். பெயர்களை மாற்றவில்லை. தானே பாத்திரம், தானே பாதிக்கப்பட்டவர். ஆதலால் இங்கே யார் குற்றவாளி என்பதில் வாசகனுக்குச் சந்தேகம் வருவதில்லை. தனது வீடு எரியும்போது நடுநிலை பேசுவது எவருக்கும் கடினம்தான்.

திரையில் இந்தக் காயம் இரண்டு தடவை வெளிப்பட்டது. லூயிஸ் எஸ்ட்ராடாவின் 'ஏரோதின் சட்டம்' (1999) படத்துக்கு அவர் இணைத் திரைக்கதையாசிரியர். பழைய இரும்புக் குவியலுக்குக் காவலிருந்தவன் ஒரு சிற்றூரின் மேயராகிக் கொள்ளையனாக வளரும் கதை அது. ஆளுங்கட்சியைப் பெயர் சொல்லியே தாக்கியது. மறு வருடம் அக்கட்சி 71 வருட ஆட்சியை இழந்தது.

மற்றையது கார்லொஸ் கர்ரேரா நெறிப்படுத்திய 'பாதிரியார் அமாரோவின் குற்றம்' (2002). போர்த்துக்கேய எழுத்தாளர் எஸா தெ கெய்ரோஸின் 19 ஆம் நூற்றாண்டு நாவலின் தழுவல். இளம் பாதிரியார் அமாரோ, அமேலியா என்ற பெண்ணைக் கர்ப்பிணியாக்குகிறார். கத்தோலிக்க அமைப்புகள் படத்தைத் தடைசெய்யக் கோரின. கோரிக்கை விளம்பரமாகிவிட, மெக்சிக்கோப் படங்களில் அதுவரை எதுவும் காணாத வசூலை அது கண்டது. படத்தை எழுதியவரும் அதே கோவிலில் முழந்தாளிடுபவர் என்பது எதிர்த்தவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. தமது சமூகத்தின் குறைகளை எழுதிய மஹ்பூஸ் 1994 இல் கத்திக் குத்துக்கு ஆளானதை அறிந்த எமக்கு இது புதிதன்று. உள்ளேயிருந்து பேசுபவனின் குரல்தான் எங்கும் அதிகமாக உறுத்துகிறது.

படைப்பு என்ற வகையில் 'அற்புதங்களின் ஒழுங்கை'யை விட இது ஒருபடி குறைந்ததே. அமேலியாவை நாம் வெளியிலிருந்து மட்டுமே பார்க்கிறோம். சுசானித்தாவுக்குக்கூடத் தனிப்பகுதி கொடுத்தவர், இவளுக்கு ஒரு மணிநேரச் சாட்சியையும் தரவில்லை. எனினும் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் உண்டு. மூல நாவலில் அமேலியாவை விரும்பும் இளைஞன் ஓர் எழுதுவினைஞன். லென்யேரோ அவனை ரூபென் என்ற இளம் பத்திரிகையாளனாக்கினார். வயோதிபப் பாதிரியார் போதைப்பொருள் கும்பலின் பணத்தில் வைத்தியசாலை கட்டுவதை ரூபென் அம்பலப்படுத்துகிறான். ஆயர் தரப்பு பத்திரிகைக்கு நெருக்குதல் கொடுக்கிறது. அமாரோவே மறுப்பு எழுதுகிறார். ரூபெனின் வேலை போகிறது. 1976 இன் 'எக்செல்சியோர்' அலுவலகம் 26 வருடங்களின் பின் ஒரு சிற்றூர்ப் பத்திரிகைக்குள் இவ்வாறு மீண்டும் வந்து சேர்கிறது.

இரகசியக் கருக்கலைப்பில் அமேலியா இறக்கிறாள். பழி ரூபென் மீது விழுகிறது. அவளது இறுதிப் பூசையை நடத்துபவர் அமாரோ. ஊரார் தலை குனிந்து நிற்கிறார்கள். நடந்தது அங்கே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும், அவர்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.