கால் முந்தி, தலை பிந்தி

ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் எடுத்தவர் ஒருநாள் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். இடது ஓரத்தில் குனிந்த குரங்கு. அப்படியே கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்ந்து, வலது ஓரத்தில் நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரன். பிரம்பை நடுவில் வைத்து, "சேரிப் பயலுவ இன்னும் இங்கதான்டா நிக்கிறானுவ" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் படத்தைத்தான் இப்போது விமர்சிக்க உட்கார்ந்திருக்கிறேன். 1965இல் அமெரிக்காவில் டைம்-லைஃப் வெளியிட்ட 'ஆதி மனிதன்' என்ற நூலுக்காக ருடால்ஃப் ஜாலிங்கர் வரைந்த ஓவியம் அதன் மூலம். பிறகு அது விளம்பரத்திலும் பாடப்புத்தகத்திலும் பல்லாயிரம் பிரதிகளாகப் பெருகியது. ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிற வரிசை. முன்னால் நிற்பவன் உயர்ந்தவன். இது பரிணாமமே அல்ல. பரிணாமம் கிளைகிளையாகப் பிரிகிற புதர். நியாண்டர்தால் மனிதர்கள் நமக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அல்ல, நம்மோடு ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். புதரை ஏணியாக்கியது அறிவியல் அல்ல, ஏணியிலேயே வாழ்ந்து பழகிய பார்வை. சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைப் படித்தவர்களுக்கு அந்த ஏணியை அடையாளம் காண வெகுநேரம் ஆகாது.

இந்தப் பார்வை எலும்பையே பொய் சொல்ல வைத்திருக்கிறது. 1912 டிசம்பரில் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ஆதி மனிதனின் மண்டையோடு கிடைத்ததாக சார்லஸ் டாசனும் ஆர்தர் ஸ்மித் வுட்வர்டும் அறிவித்தார்கள். பெரிய மூளை, குரங்குத் தாடை. அறிஞர்களில் பலர் கொண்டாடினார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதானே? மூளைதான் முதலில் வளர்ந்திருக்க வேண்டும். அதுவும் அவங்க ஊரிலேயே வளர்ந்திருக்க வேண்டும். 1953இல் குட்டு உடைந்தது. மண்டையோடு மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு பொய் அருங்காட்சியகத்தில் மரியாதையோடு குந்தியிருந்தது.

அதே காலத்தில் உண்மை வாசலில் நிறுத்தப்பட்டது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. மூளை சிறியது. ஆனால் முதுகுத்தண்டு மண்டைக்குள் நுழைகிற ஓட்டை அடிப்பக்கத்தில், முன்தள்ளி இருந்தது. இது நிமிர்ந்து நடந்த உயிர் என்றார் டார்ட். 1925இல் அவர் எழுதியதை லண்டன் பெரியவர்கள் ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவிலா மனிதன் தோன்றினான்? 1871இலேயே டார்வின் அப்படித்தான் ஊகித்திருந்தார், அதுவும் எடுபடவில்லை. டார்ட்டை எதிர்த்தவர்களில் முக்கியமான ஆர்தர் கீத் தன் தவறை ஒப்புக்கொள்ள 1947 வரை ஆனது.

1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் லூசி கிடைத்தாள். வயது 32 லட்சம் ஆண்டுகள். 1978இல் தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள். மூளை பெருப்பதற்கு வெகுகாலம் முன்பே மனித மூதாதை இரண்டு காலில் நடந்துவிட்டது. கால் முந்தி, தலை பிந்தி. நிமிர்ந்த நடை கையை விடுவித்தது, கையின் உழைப்பு மூளையை வளர்த்தது என்று 1876இலேயே, எலும்புகள் கிடைக்கும் முன்பே, எங்கெல்ஸ் எழுதினார். முதல் பாதியை எலும்புகள் மெய்ப்பித்துவிட்டன.

நமக்கு இது வெறும் தகவல் இல்லை. முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று புருஷ சூக்தத்தைக் காட்டிச் சொல்லிவந்தார்கள். காலில்கூட நமக்கு இடம் கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சியோ வேறு கதை சொல்கிறது. மனிதகுலம் முழுசும் காலில் பிறந்ததுதான்.

அந்தச் சாட்சியை மண்ணிலிருந்து எடுத்த கை யாருடையது? கென்யாவில் ஆடு மேய்த்து வளர்ந்தவர் கமோயா கிமேயு. 1960இல் லீக்கி குடும்பத்தாரின் அகழ்வுக்குக் கூலியாளாகப் போனார். 1984இல் நரியோகோடோமே ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே அதே நிறத்தில் கிடந்த சின்ன எலும்புத்துண்டை அவர் கண்தான் பிடித்தது. அதைத் தொடர்ந்து தோண்டியதில் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய சிறுவனின் ஏறக்குறைய முழு எலும்புக்கூடே வெளிவந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது 2021இல். மறுவருஷம் இறந்துபோனார். எங்க தாத்தாவும் மண்ணைத் தோண்டியவர்தான். ஊர்ச் சுடுகாட்டில் எலும்பைத் தொட்டவர் என்பதால் தெருவுக்குள் விடமாட்டார்கள். கிமேயுவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வரும்.

அறிவியலே மேற்கத்திய அதிகாரத்தின் கதையாடல், அதைக் கட்டுடைத்தால் போதும் என்று நம் தோழர்களில் சிலர் பேசுகிறார்கள். பாதிதான் சரி. பில்ட்டவுன் பொய்யை உடைத்தது எது? புதைந்த எலும்பு மண்ணிலிருந்து ஃப்ளோரினை உறிஞ்சும் என்ற அறிவு. அதை அளந்து பார்த்த சோதனை. மந்திரமோ மரபோ அதைச் செய்யவில்லை. அம்பேத்கரும் அப்படித்தான். 1948இல் தீண்டப்படாதவர்கள் பற்றி எழுதியபோது, மூக்கை அளந்து சாதியை இனமாக்கியவர்களின் அளவைகளையே எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்று வாதாடினார். கருவியைத் தூக்கிப் போடவில்லை, பிடியை மாற்றினார்.

2023இல் மத்திய அரசின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தார்கள். ஏணிப் படம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, புதர்தான் இடைஞ்சல். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பள்ளியில் அதைத்தான் சொல்லித்தருகிறேன். சார்ட் கிடையாது. ஈர மண்ணில் அவங்களையே நடக்கச் சொல்லி, அந்தத் தடத்திலிருந்து பாடத்தை ஆரம்பிக்கிறேன்.