தட்டு வீட்டுக்குள் வந்த பிறகு

பெருநாள் பற்றிய நம் சிறுகதைகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும். உம்மா வட்டிலப்பத்தை மூடிப் பக்கத்துச் சிங்கள வீட்டுக்கு அனுப்புவார். சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கிருந்து கவுமும் கொக்கிஸும் வரும். இன ஒற்றுமை மலர்ந்துவிடும், கதையும் முடிந்துவிடும்.

காட்சி பொய்யல்ல. கண்டிப் பக்கம் நாம் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் இப்படியொரு கதையைப் படிப்பித்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அந்தக் கவும அவங்க திண்டாங்களா?"

கதையில் அதற்குப் பதில் இல்லை. வீடுகளில் உண்டு. "அவங்கட பெருநாள் சாப்பாடு, நமக்கு வாணாம்" என்கிறான் மகன். "அதத் திண்டுதானே மகன் நீ வளந்த" என்கிறார் உம்மா. 2013இன் ஹலால் சர்ச்சையும், 2018 மார்ச்சில் திகனையில் எரிந்த கடைகளும், 2019 ஏப்ரலுக்குப் பின் நம்மீது விழுந்த சந்தேகமும் அந்தத் தட்டோடு சேர்ந்தே உள்ளே வந்தன. மகனின் மறுப்பில் இருப்பது பேணுதல் மட்டுமா, காயமுமா? உம்மாவின் சம்மதத்தில் இருப்பது அன்பு மட்டுமா, அச்சமுமா?

மகனை வெறியனாகவும் உம்மாவை வெகுளியாகவும் காட்டுவது இலகு; அது பிரசாரம்.

நம்மிடம் சஹன் இருக்கிறது. ஒரே தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர். கோபித்துக்கொண்டவனும் அதே சோற்றில்தான் கைவைக்க வேண்டும். நம் கதைகள் வேலியோரத்தில் நின்றது போதும். அந்தச் சஹனில் வந்து உட்காரட்டும்.